புது விளக்கின் கைவண்ணம்

மகுடபதி வீட்டு ஹாலில் ஒரு கடல்நீர்த் தொட்டி. அதில் ஒரு பவளமும் ஓர் இறாலும் குடியிருந்தன. பழைய விளக்கின் அடக்கமான வெளிச்சத்தில் பவளம் பழுப்பு நிறத்தில் கொழுகொழுவென்று வளர்ந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்பதுதான் மகுடபதியின் தீராத குறை. கடையில் இருந்ததிலேயே பெரிய விளக்கை வாங்கிவந்து மாட்டினார்.

"இனிமே உனக்கு ராஜயோகம்தான்," என்றது புது விளக்கு.

"கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க அண்ணே, பழகிக்கிறேன்," என்று கெஞ்சியது பவளம்.

"அடங்கி எரியறதுக்கா என்னை இவ்வளவு பெரிசா வாங்கியிருக்கார்?" என்று விளக்கு முதல் நாளே முழு வீச்சில் எரிந்தது.

பவளத்துக்குள் தங்கி அதற்குச் சோறு போட்டுவந்த நுண்பாசிகள் சூடு தாங்காமல் மூட்டை முடிச்சோடு கிளம்பிவிட்டன. பட்டினியில் பவளம் சுண்ணாம்பாய் வெளுத்தது.

அடுத்து வந்த விருந்தாளிகள் தொட்டியை விட்டு நகரவே இல்லை. "அடடா, முத்து மாதிரி என்ன வெள்ளை!"

"பார்த்தியா என் கைவண்ணத்தை?" என்றது விளக்கு.

பவளத்தை மீசையால் தொட்டுப் பார்த்துவிட்டு இறால்தான் சொன்னது: "நிஜம்தான் அண்ணே. உயிரோட இருந்தவரைக்கும் இதை ஒருத்தரும் பாராட்டினதில்லை."

தொட்டிக்கு வெளியே மகுடபதி கடைக்காரருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். "இன்னும் நாலு பவளம் அனுப்புங்க. பழுப்பா இருந்தாலும் பரவாயில்லை. வெள்ளையாக்கற வித்தை இப்ப எனக்கே தெரியும்."