மூடியில் ஓர் ஒடுக்கு

“உள்ளே எல்லாம் புத்தம் புதுசு, வெளியே மட்டும்தான் பழசு!” என்று முதலாளி மேடையில் புது லேப்டாப்பைத் தூக்கிக் காட்டியதும் அரங்கம் கைதட்டியது.

அதை வடிவமைத்தவள் மேடை ஓரத்தில் நின்றிருந்தாள். அவளுக்குக் கசந்தது. அவள் குடித்தனம் அப்படியே தலைகீழ்.

மாதிரிக்காக ஊழியர்களிடம் பழைய லேப்டாப் கேட்டபோது, கட்டிலடியில் கிடந்த புருஷனுடையதை அவள்தான் கொண்டுவந்து கொடுத்தாள். சனியன் வீட்டைவிட்டு ஒழிந்தால் போதும் என்றுதான் கொடுத்தாள்.

அது குட்டி போடும் என்று யார் கண்டார்கள்?

சாம்பல் நிறம், தடித்த விளிம்பு, தடதடக்கும் விசைகள், எதையும் விடவில்லை. மூடியின் மூலையில் விழுந்திருந்த ஒடுக்கைக்கூட அப்படியே அச்சில் ஏற்றினார்கள். அதை எடுத்துவிடச் சொல்லிக் கூட்டத்துக்குக் கூட்டம் மன்றாடினாள். ஏன் என்று கேட்டால் மட்டும் பேச்சை விசைகள் பக்கம் திருப்பிவிட்டாள்.

அதில்தான் இந்த மாடலின் உயிரே இருக்கிறது என்று முதலாளி ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

முன்வரிசையில் அவள் புருஷன் இஸ்திரி கலையாமல் உட்கார்ந்திருந்தான். பழையதின் சொந்தக்காரர் என்று முதல் லேப்டாப்பை அவனுக்குத்தான் பரிசாகக் கொடுத்திருந்தார்கள். மடியில் வைத்து ஒடுக்கைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தான்.

இடப்பக்கமிருந்து ஒரு நிருபர் ஏதோ கேட்டார். அவள் சும்மா நின்றாள்.

அலுவலகத்துக்கு இது பழக்கம். அவளோடு பேச வேண்டுமென்றால் வலப்பக்கம் போய் நில், ஒரு ஸ்பீக்கர் அவுட் என்று புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

முதலாளி அவள் வலது காதருகே குனிந்து கேள்வியைத் திருப்பிச் சொன்னார். இந்த ஒடுக்கு எப்படி விழுந்தது என்று கேட்கிறார்கள்.

அவன் கட்டைவிரல் நின்றது.

ஒரே ஒரு வாக்கியம். இத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டால் அதற்கப்புறம் அவனால் மறைக்க முடியாது. நுனிநாக்குவரை வந்துவிட்டது.

கல்லானாலும் கணவன் என்பார்கள். கல் எதையும் எடுத்து எறிவதில்லை.

“அலமாரி மேல இருந்து எடுக்கும்போது கை தவறி விழுந்துடுச்சு” என்றாள்.

அன்றைக்கு டாக்டரிடம் அவன் சொன்ன பொய். வார்த்தை பிசகாமல் வந்தது.

எல்லோருக்கும் முந்தி அவன்தான் கைதட்டினான்.

அதுவும் அவளுக்கு ஒரு காதில்தான் விழுந்தது.