அழுகின ஆப்பிள்

"இந்தா, அழுகினது மூணையும் நீயே எடுத்துக்க."

விக்டோரியா அம்மா உருட்டிவிட்ட ஆப்பிள்கள் சமையல் மேடையில் உருண்டு வந்து தமிழ்மணியின் கையில் முட்டி நின்றன.

அவளுக்குக் காது மடல் சுட்டது.

லண்டனிலிருந்து விக்டோரியா அம்மாவின் அண்ணன் மகள் ஆள் மூலம் கொடுத்தனுப்பிய பெட்டி. மேலே உள்ளங்கை கொள்ளாத பச்சைப் பழங்கள் ஆறு, பளபளவென்று. அடியில் சின்னதாக மூன்று, உருளைக்கிழங்குத் தோல் போலச் சொரசொரவென்று. பெட்டியைப் பிரித்தவளே தமிழ்மணிதான்.

"அம்மா, பெட்டிக்குள்ள ஒரு..."

"எட்டாவதைத் தாண்டாதவ எனக்குப் பாடம் எடுக்காத. பாஸ்டர் வர்ற நேரம். முன்பக்கம் தலையைக் காட்டாம இரு, போதும்."

ஊரின் அந்தக் கோடியில் இருக்கும் தாகேதாவிலிருந்து இருட்டோடு பஸ் பிடித்து வந்து மூன்று வருஷமாக இந்த வீட்டைத் துடைக்கிறாள். மிச்சச் சோறு வாங்கியிருக்கிறாள். சாயம் போன லுங்கி வாங்கியிருக்கிறாள். அழுகின பழம் இதுதான் முதல் தடவை.

ஒரு வார்த்தை பேச விட்டால் என்ன குறைந்துவிடும்?

கூடத்தில் ஜெபம் முடிந்தது. பச்சைப் பழங்கள் துண்டு துண்டாகப் பீங்கான் தட்டில் போயின.

திரை இடுக்கில் பார்த்தாள். பாஸ்டர் பர்னபாஸ் ஒரு துண்டைக் கடித்தார். அவருடைய இடது கண் தானாக மூடிக்கொண்டது. "ஸ்தோத்திரம்" என்றார், மெல்லாமல். ஜெபத்துக்கு வந்திருந்த ரெபேக்கா டீச்சர் கைக்குட்டையை வாய்க்குக் கொண்டுபோனார்.

"லண்டன் பழம்னா இப்படித்தான்" என்று அம்மா மட்டும் விழுங்கிக் காட்டினார். கண்ணில் நீர் கட்டியிருந்தது.

தமிழ்மணி தரையில் உட்கார்ந்து சொரசொரப்பழத்தைக் கடித்தாள்.

பேரிக்காய் மணம். வறுத்த கடலை போல ஒரு ருசி. அப்புறம் நின்று இனித்தது.

கோபம் ஆறவில்லை. இனிக்க இனிக்க ஏறியது.

காதில் போனை வைத்தபடி அம்மா உள்ளே வந்தார்.

"அந்தச் சின்னப் பழம் எப்படி இருந்துச்சுன்னு லண்டன்லேர்ந்து கேக்கிறா. எங்கடி அது?"

தமிழ்மணி எழுந்திருக்கவில்லை. இடுப்பில் செருகியிருந்த சீட்டை எடுத்து நீட்டினாள். காலையில் அவள் காட்ட வந்தது அதைத்தான். எழுத்துக்கூட்டிப் படித்திருந்தாள். இங்கிலீஷில் இரண்டே வரி.

பெரிய பச்சை, பிராம்லி: சர்க்கரை போட்டுச் சமைக்க மட்டும்.

சின்னப் பழுப்பு, ரஸ்ஸட்: அப்படியே கடித்துச் சாப்பிட.

அம்மா படித்து முடிக்கும்வரை, தமிழ்மணி மூன்றாவது பழத்தை நிதானமாக மென்றுகொண்டிருந்தாள்.