அடுத்த மாதத்து நூல்

எங்கள் தெருவில் அமாவாசை அன்று தறி ஓடாது. ஜப்பான்காரர் வளர்த்த குட்டை மரத்தை 1968இல் ஒரு பத்திரிகையில் பார்த்துவிட்டு, நானும் தறி இருக்கும் கூடத்திலேயே தொட்டியில் ஓர் ஆலங்கன்றை வைத்தேன். அமாவாசைதோறும் அதன் அடிமரத்தைப் பட்டு நூலால் சுற்றி, அந்த அளவுக்கு அறுத்து, ஆணியில் மாட்டுவேன்.

பதினோராவது அமாவாசையில் எண்ணினேன். நூல் பன்னிரண்டு இருந்தது. எல்லாவற்றிலும் நீளமானது நான் மாட்டியதல்ல. என் மனைவி நீலாம்பாளும் ஆணியைத் தொடவில்லை. அடுத்த மாதம் மரம் சரியாக அந்த நூலின் அளவுக்குப் பருத்திருந்தது. ஆணியில் இன்னொரு நூல் கூடியிருந்தது.

“இன்னாங்க, உங்களுக்கு அளக்கிற வேலை மிச்சம்!” என்று நீலாம்பாள் சிரித்தாள். அதன்பிறகு, முன்னாலேயே வந்துவிடும் நூலைப் பார்த்துத்தான் தொட்டி வாங்கினோம்.

இன்று ஆணியில் ஒரு பெரிய நூல்கண்டே தொங்கியது. பிரித்துக்கொண்டே போனோம். தறி இருக்கும் கூடத்தின் நாலு சுவரையும் சுற்றி வந்து, நிலைப்படியில் இரண்டு முனையும் சேர்ந்தன.

“பாவுல இன்னும் ரெண்டு சேலை இருக்குது. நாளையிலேர்ந்து உக்காந்து சீக்கிரமா முடிச்சிடுங்க, தறியைக் கழட்டிடலாம்” என்றாள் நீலாம்பாள்.

நான் வழக்கம்போல மரத்துக்கு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினேன்.

“ஒரு சொம்பு எப்படிங்க பத்தும்? ஒரே மாசத்துல அது எவ்ளோ வளரணும்!” என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.