ஆளில்லாத காரில் ஏ.சி.

அந்த ஆளின் கார் முழுக்கச் சார்ஜ் ஏறிவிட்டது. பச்சை விளக்கு எரிகிறது. ஆனாலும் அவன் பிளக்கைக் கழற்றவில்லை.

காருக்குள் ஒருவரும் இல்லை. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளே ஏ.சி.யை ஓடவிட்டிருந்தான். அவன் மட்டும் வெளியே வெயிலில், போனும் கையுமாகச் சாலையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பாலைவன நெடுஞ்சாலையில் அந்தப் பெட்ரோல் பங்க்கில் இருப்பது ஒரே ஒரு சார்ஜர். அதற்கு மேல் ஒரு தகரக் கூரை. இருக்கிற நிழலும் அவ்வளவுதான். இரண்டையும் அவன் கார் பிடித்துக்கொண்டிருந்தது.

பக்கத்தில் ஹனாதி, தன் கார்க் கதவுகளை விரியத் திறந்துவைத்து, மடியில் கிடந்த மகன் தைமுக்கு விசிறிக்கொண்டிருந்தாள். இன்னும் தவழக்கூட ஆரம்பிக்காத குழந்தை. முகம் சிவந்து, அழத் தெம்பில்லாமல் சிணுங்கியது.

தப்பு அவள் பேரில்தான். அவள் ஊரான ஷோபக் மலையில் பனிக்காலம் வந்தால் காரின் முன்பக்கச் சல்லடையில் அட்டையைச் செருகிவிடுவார்கள். டீசல் வண்டி காலத்துப் பழக்கம். பேட்டரி கார் வந்த பிறகும் யாரும் விடவில்லை. குளிர்காற்று உள்ளே போகாது, பேட்டரி விறைக்காது என்று ஒரு நம்பிக்கை.

இன்று காலை மலையில் குளிராகத்தான் இருந்தது. அட்டை நினைவுக்கே வரவில்லை. கீழே இறங்கினால் கம்சீன் என்கிற பாலைவன அனல்காற்று, இந்த வருஷத்தின் முதல் காற்று, ரொட்டி அடுப்பைத் திறந்துவிட்ட மாதிரி வீசியது. காற்றுப் போக வழியில்லாமல் பேட்டரி கொதித்தது. கார் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொண்டது. அப்புறம் ஏ.சி.யை நிறுத்திக்கொண்டது.

பங்க்கில் இறங்கியதும் முதல் வேலையாக அட்டையைப் பிடுங்கி எறிந்தாள். பனியிலேயே மலைச்சாலையில் தனியாக ஓட்டிப் பழகியவள். தலைநகர் அம்மானில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடுவோம் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அதுவரை குழந்தை தாங்க வேண்டும், அதுதான் பயம். டீக்கடைக்குள் போய்ப் பார்த்தாள். லாரிக்காரர்களின் சிகரெட் புகையில் தைம் இருமியது. திரும்பி வந்துவிட்டாள்.

நேரே அந்த ஆளிடம் போய், சார்ஜ்தான் முடிந்துவிட்டதே, எடுக்கக்கூடாதா என்று கேட்டாள்.

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தரையிடம் சொல்வதுபோலச் சொன்னான். "இப்ப மாட்டினா உங்க பேட்டரி வாங்காது, தங்கச்சி. இந்த மெஷினும் கோவிச்சுக்கிட்டு நின்னுடும். கொஞ்சம் ஆறட்டும்."

அது அவளுக்கும் தெரிந்ததுதான். தெரிந்ததை இன்னொருத்தன் சொன்னதில்தான் எரிச்சல்.

"சரி, நிழலையாவது விடலாமே?"

"இன்னும் கொஞ்ச நேரம்" என்றவன் அந்தப் பக்கம் திரும்பிப் போனில் பேசினான். காற்று அதை அவள் காதுக்குக் கொண்டுவந்தது. "எங்க வந்துட்டிருக்கே? வண்டிக்குள்ள ஐஸ் மாதிரி இருக்கு. சீக்கிரம் வா."

டீக்கடை யூனுஸ் வாசலில் நின்று இதையெல்லாம் ரசித்துக்கொண்டிருந்தான்.

"மகாராணி வர்றாங்க போல. சிம்மாசனம் சூடா இருந்தா கோவிச்சுக்குவாங்கல்ல?"

உள்ளே லாரிக்காரர்கள் சிரித்தார்கள். அந்த ஆளின் காது சிவந்தது.

தைமின் சிணுங்கலும் ஓய்ந்துபோனது. அந்த மௌனம்தான் ஹனாதியை உலுக்கியது. குழந்தையின் தலையில் தண்ணீரைத் தடவிக்கொண்டே, அவனுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"இங்க ஒரு புள்ள வேகுது. அங்க ஒரு சீமாட்டிக்குச் சீட்டு குளிருது. நல்லா இருங்க."

அவன் அதற்கும் தலைகுனிந்துகொண்டான். மறுபடியும் சாலையைப் பார்த்தான்.

புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரு பழைய பிக்கப் வந்து நின்றது. தடித்த அம்மாள் ஒருத்தி தானே ஓட்டி வந்து குதித்து இறங்கினாள். முழங்கை வரை மாவு. ஸ்டீயரிங்கிலும் மாவு.

"மகாராணி வந்தாச்சு" என்றான் யூனுஸ்.

அவள் அந்த ஆளையும் பார்க்கவில்லை, குளிர்ந்து நின்ற காரையும் பார்க்கவில்லை. விறுவிறுவென்று ஹனாதியிடம்தான் வந்தாள். மாவுக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, குனிந்து தைமின் நெற்றியில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள்.

"எழுந்திரும்மா. புள்ளையத் தூக்கிக்கிட்டு அந்த வண்டிக்குள்ள வா. நானும் கூட உக்காந்துக்கறேன். உன் வண்டி ஆறினதும் அவன் மாட்டிவிடுவான்."

ஹனாதிக்கு ஒன்றும் புரியவில்லை. "நீங்க யாரு?"

"அவனுக்கு அக்கா."

ஹனாதி எழுந்தாள். அந்த ஆள் இன்னும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவளாலும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "இதை அவரே சொல்லியிருக்கலாமே" என்றாள் மெதுவாக.

அக்கா கார்க் கதவைத் திறந்தாள். உள்ளிருந்து குளிர் முகத்தில் வந்து மோதியது.

"முன்னப்பின்ன தெரியாத ஆம்பளை, தனியா வந்த பொண்ணுகிட்ட, என் கார்ல வந்து உக்காருன்னு எப்படிம்மா சொல்லுவான்? புள்ளையோட நீ வந்து இறங்கினதைப் பார்த்ததுமே, இவன் வெயில்ல இறங்கி நின்னு எனக்குப் போன் போட்டுட்டான்."