மூலை இலை

வேங்கிக்காலில் கட்டிய புது வீட்டில் மதிவதனி போட்ட முதல் விருந்து அது. நாத்தனார் வாயில் ஒரு குறை விழுந்துவிடக் கூடாதே என்று அவள் பம்பரமாய்ச் சுழன்றாள். வடையும் பாயசமும் அமோகம் என்றார்கள்.

சுவரில் முதுகு சாய்த்து உட்காரும் வரிசையில், அந்த மூலை இலைதான் அவளைக் கடுப்பேற்றியது. ஒவ்வொரு பந்தியிலும் அது மட்டும் எதிர்ப்பக்கமாக மடிக்கப்பட்டிருந்தது. சாவு வீட்டுச் சாப்பாட்டில்தான் அப்படி மடிப்பார்கள்.

"உங்க அக்கா வேலைதாங்க இது. வயித்தெரிச்சல்!"

"அக்கா மொதப் பந்தியிலயே சாப்ட்டுட்டு கெளம்பிடுச்சுடி," என்றான் இளவரசன்.

எல்லோரும் போன பிறகு கதவைத் தாழிட்டு, கூடத்தில் இரண்டு இலை போட்டார்கள். இருவரும் சமையலறையிலிருந்து சோறும் ரசமும் எடுத்து வந்தபோது, மூலையில் மூன்றாவதாக ஓர் இலை இருந்தது. சாப்பிட்டு, எதிர்ப்பக்கமாக மடித்து.

மதிவதனிக்குப் பொறுமை போயிற்று. ஆளில்லாத அந்த இலையைப் பார்த்துக் கத்தினாள்.

"வயிறார சாப்ட்டுட்டு இப்படியா மடிப்பீங்க? நல்ல காரியத்துல உங்க பக்கமா மடிக்கணும். அப்பதான் மறுபடி வருவீங்கன்னு அர்த்தம்!"

இலை மெல்லப் பிரிந்தது. பிறகு, அவள் சொன்னபடியே, சுவர்ப்பக்கமாக மடிந்தது.