மஞ்சள் முடிச்சு

மகன் கப்பலேறிய அன்று, அவன் நல்லபடியாகத் திரும்பினால் கிடா வெட்டுவதாக நேர்ந்துகொண்ட பரிபூரணம், ஒரு கிடாவின் விலையை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள். மூன்று வருடம் அதை யாரும் தொடவில்லை. நாளை அவன் வருகிறான். ஆட்டு வியாபாரி செல்லையா முடிச்சை அவிழ்த்து எண்ணிவிட்டு, "இதுக்குச் சேவல்தான்க்கா வரும். கவர்மெண்டு ரூபா மதிப்பைக் குறைச்சிருச்சுல்ல?" என்றான்.

"நான் ஒரு நோட்டுகூட எடுக்கலையேப்பா!"

"நோட்டெல்லாம் அப்படியேதான் இருக்கு. உள்ள இருந்ததுதான் போயிருச்சு."

அவள் ஒரு நோட்டை வெயிலில் தூக்கிப் பார்த்தாள். அதே எண், அதே தலை. திருப்பியும் பார்த்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்: "அப்ப, நாளைக்கு வர்ற என் பிள்ளை?"