சார்ஜ் ஏறாத கார்

“சார், சாவியைத் திருப்பாதீக. பேட்டரியில ஒட்டிக்கிட்டு இருக்கிற உசுரும் போயிரும்.”

சங்கிலிமுத்து ஸ்பேனரும் கையுமாக ஓடினான். ஏழாயிரம்பண்ணை ரோட்டில், அவனுடைய பட்டறை வாசலில் ஒரு பழைய வெள்ளை அம்பாசிடர் நின்றிருந்தது. முன்கண்ணாடியில் ‘அரசு’ என்று சிவப்பு எழுத்து. ஓட்டி வந்தவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பையில் இரண்டு பேனா.

“மூணு நாளா டேஷ்போர்டுல பேட்டரி சிவப்பு லைட் அணையவே இல்லை. இன்னைக்கு ஹாரனும் அழுகுது. இங்க வந்ததும் நின்னே போச்சு,” என்றார் அவர்.

“டிரைவர் இல்லாம நீங்களே ஓட்டிட்டு வந்தீகளா?”

“ஆமா, நான்தான் ஓட்டிட்டு வந்தேன்.”

சங்கிலிமுத்து முன்கண்ணாடியின் சிவப்பு எழுத்தை இன்னொரு தரம் பார்த்தான். அவரேதான். பட்டாசு ஆலைகளைச் சோதனை போடப் புதிதாக ஓர் ஆபீசர் வந்திருக்கிறார், ரொம்பக் கண்டிப்பு, முகத்தை இன்னும் யாரும் பார்த்ததில்லை என்று ஒரு வாரமாக ஊரெல்லாம் பேச்சு. தீபாவளிக்கு ஒரு மாதம்தான் இருந்தது. இரண்டு கிலோமீட்டர் தள்ளி சங்கரபாண்டியன் அண்ணாச்சியின் கம்பெனி. அங்கே நாலு பேர் உட்கார வேண்டிய அறையில் ஒன்பது பேர் திரி சொருகிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி அவன் மனைவி சோலையம்மாள். ஆபீசர் கண்ணில் பட்டால் ஆலைக்குப் பூட்டு. அவளுக்கு வேலையும் இல்லை, போனஸும் இல்லை.

பானெட்டைத் திறந்தான். இரண்டே நிமிஷத்தில் கோளாறு தெரிந்துவிட்டது. ஆல்டர்நேட்டரின் பின்பக்கம் மாட்டியிருக்க வேண்டிய சின்ன வயர் கழன்று தொங்கியது. அது இல்லாவிட்டால் என்ஜின் நாள் முழுக்க ஓடினாலும் பேட்டரியில் சார்ஜ் ஏறாது. கிளிப் வைத்த வயர், தானாகக் கழலாது. ஆனால் கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்து நிற்கும்போது அதையெல்லாம் யார் யோசிப்பது? வயரை அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்தான்.

“பெரிய வேலை சார். ஒரு மணி நேரம் ஆகும்.”

“பரவாயில்லை, மெதுவா பாருங்க.”

பட்டறைக்குப் பின்னால் போய் செல்லை எடுத்தான்.

“அண்ணாச்சி, மாப்பிள்ளை வீட்டாரு வந்துட்டாக.” சோதனைக்கு ஆள் வருகிறது என்பதை அந்த வட்டாரத்தில் அப்படித்தான் சொல்லிக்கொள்வார்கள்.

அண்ணாச்சிக்கு மூச்சு வாங்கியது. “எங்கனலே?”

“நம்ம பட்டறையிலதான். கார் மக்கர். நான் விடுறவரைக்கும் அவரு நகர முடியாது.”

“அப்படியா சங்கதி? அப்ப கேட்டுல காவலுக்கு நிக்கிறவங்களையும் லோடு ஏத்த இழுத்துக்கிடுதேன். நீ ஒரு மணி நேரம் பிடிச்சு வை. ஆர்டர் முடிஞ்சிரும், பெறகு ஆளுகளைப் பின்வாசல் வழியா அனுப்பிருதேன்.”

சங்கிலிமுத்து தன் ஆயுளில் அவ்வளவு மெதுவாக வேலை பார்த்ததில்லை. பேட்டரியின் ஆறு மூடிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து, டார்ச் அடித்து எட்டிப் பார்த்தான். டெர்மினலில் பூத்திருந்த உப்பை வெந்நீர் ஊற்றிக் கழுவினான். வெந்நீர் போடவே கால் மணி நேரம் பிடித்தது. வேறு பேட்டரியை இணைத்து ஸ்டார்ட் செய்து, மீட்டரை வைத்தான்.

“பதினாலு வோல்ட் காட்டணும் சார். பன்னிரண்டையே தாண்டலை. பெல்ட் லூசா இருக்கும்.”

பெல்ட் விறைப்பாகத்தான் இருந்தது. இருந்தாலும் என்ஜினை நிறுத்தி, அதைக் கழற்றி மறுபடி மாட்டினான்.

“கார்பன் பிரஷ் தேஞ்சிருக்குமோ?” என்றார் வந்தவர், மூன்றாவது டீயை உறிஞ்சியபடி.

“கரெக்டா சொன்னீக சார்.”

பிரஷ் புதுசு. அதைத் துடைத்தான், ஊதினான், மறுபடியும் துடைத்தான். இவ்வளவு பெரிய படிப்புப் படித்தவருக்கு வண்டி வேலையும் தெரிந்திருக்கிறதே என்று அவனுக்கு ஆச்சரியம். கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. நல்ல மனுஷன், ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. வடையில் பாதியைப் பிய்த்து அவனுக்கும் கொடுத்தார்.

வடையைக் கையில் வாங்கும்போது சோலையம்மாள் ஞாபகம் வந்தது. காலையில் சோறு கட்டும்போது சொன்னாள்: “முட்டிக்கு முட்டி இடிக்க உக்காந்திருக்கோம். ஒரு பொறி விழுந்தா ஓடுறதுக்கு வாசல் பத்தாது.” தீபாவளி வரைக்கும்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

செல் அடித்தது. அண்ணாச்சி.

“ஏலே சங்கிலி, நீ யாரைலே அங்கன பிடிச்சு வச்சிருக்கே? இங்கன ஒரு ஆளு டவுன் பஸ்ஸுல வந்து இறங்கி, தொறந்து கிடந்த கேட்டுக்குள்ள நடந்து வந்து, ரூம் ரூமாத் தலையை எண்ணிக்கிட்டு இருக்காருலே. உம் பொண்டாட்டி வேற, ‘கதவுக்குப் பின்னால ரெண்டு பேரு நிக்காக சார், அவுகளையும் சேத்துக்கோங்க’ன்னு எடுத்துக் குடுக்கா.”

சங்கிலிமுத்து மெல்லத் திரும்பினான்.

வந்தவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். பானெட்டுக்குள் கையை விட்டு, தொங்கிய வயரைச் சரியாகத் தேடி எடுத்து, டக்கென்று மாட்டினார்.

“நான் டிரைவர்ங்க. இந்தக் கிளிப்பைக் கழட்டி விட்டதும் நான்தான். ‘கெட்டிக்கார மெக்கானிக்காச்சே, உடனே கண்டுபிடிச்சிருவாரே’ன்னு ஆபீசர்தான் கவலைப்பட்டாரு, கண்டுபிடிச்சாலும் மாட்ட மாட்டாருன்னு நான் சொன்னேன்.”